மாமாவின் நாக்கும் என் செயற்கைக்கோளும்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லாருக்கும் தலைக்கனம் கொஞ்சம் ஏறும். எனக்கு ஏறிய கனத்துக்குக் கழுத்து முறியாமல் இருந்ததே பெரிய விஷயம். கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில், செயற்கைக்கோள் அனுப்பும் தரவுகளிலிருந்து கடல் மேற்பரப்பின் வெப்பத்தைக் கணிக்கும் வேலை. பிறந்த ஊரோ பல்லேபொல. (கடலைப் பார்க்க பஸ் மாறி பஸ் ஏற வேண்டும்.)

நானும் பிரதீபனும் கலியாணம் செய்வதென்று முடிவெடுத்துவிட்டோம். மிச்சம் இருந்தது அவனுடைய அப்பாவின் சம்மதம். ஓய்வுபெற்ற தபாலதிபர், முத்திரை குத்தாத எதையும் நம்பாதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை யட்டவத்தையிலிருந்து குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததுமே கேட்டார்.

“ஏம்மா, கடல்ல கை வைக்காமலே சூடு பார்க்கிறியாமே. நெசமாவா, இல்ல எங்களுக்காகச் சொல்றதா?”

பேசாமல் ‘ஆமாம்’ என்று சொல்லி விட்டுவிடும்படி பிரதீபன் கண்ணைக் காட்டினான். நான் கேட்கிற ஆளா?

“தொடவே வேணாம் மாமா. சூடா இருக்கிற எதுல இருந்தும் கண்ணுக்குத் தெரியாத கதிர் வரும். அதை மேலே இருந்தே பிடிச்சு அளந்துருவோம். இருங்க, செஞ்சே காட்டுறேன்.”

ஓடிப்போய் வெப்பமானித் துப்பாக்கியை எடுத்து வந்தேன். (கொரோனா காலத்தில் கடைவாசலில் நெற்றிக்கு நீட்டினார்களே, அதற்கு அண்ணன்.) அம்மா சவ்வரிசிப் பாயாசம் வைத்திருந்தார். மேலே மின்விசிறி வேகமாகச் சுழன்றது. மாமாவின் கோப்பைக்கு நேரே நின்று, ஒரு கண்ணை மூடிச் சுட்டேன்.

“நாப்பத்தி நாலு! வெதுவெதுப்புதான். பயப்படாம குடிங்க மாமா!”

“இப்பதானேடி அடுப்புல இருந்து இறக்குனேன்” என்றார் அம்மா.

“அம்மா, இது விஞ்ஞானம்.” (இதை நினைத்தால் இப்போதும் தலையணையில் முகம் புதைக்கத் தோன்றும்.)

மாமா பெரிய கரண்டியாக அள்ளி வாயில் போட்டார். கண்கள் பிதுங்கின. சம்பந்தி வீட்டில் துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. எழுந்து மேசையை ஒரு சுற்றுச் சுற்றி, எப்படியோ விழுங்கிவிட்டு, தயிர்ச் சட்டியைத் தூக்கி அதற்குள் நாக்கை விட்டார்.

கலியாணம் போச்சு என்று எனக்கு அழுகை வந்தது. அப்போதுதான் மின்விசிறிக் காற்றில் ஆறிப் பாயாசத்தின் மேல் படிந்திருந்த ஆடையைக் கவனித்தேன். துப்பாக்கி அளந்தது அதை மட்டும்தான். செயற்கைக்கோளுக்கும் கடலின் மேல்தோல்தான் தெரியும். பெரும்பாலும் அது ஒட்டிக் கீழே இருக்கும் தண்ணீரைவிடச் சற்றுக் குளிர்ந்திருக்கும். அதனால்தான் கடலில் மிதவைகளை விட்டு, அவை தண்ணீருக்குள்ளேயே அளப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். தினமும் செய்கிற வேலை, கோப்பையைக் கண்டதும் மறந்துபோயிருக்கிறது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே எல்லாவற்றையும் மாமாவிடம் சொன்னேன்.

அவர் தயிரிலிருந்து நாக்கை எடுத்தார். கரண்டியால் ஆடையை விலக்கினார். ஆவி குபுகுபுவென்று கிளம்பியது.

“இப்ப துடு” என்றார். (வெந்த நாக்கில் ‘ச’ வராது.)

சுட்டேன். எழுபதைத் தாண்டிவிட்டது. மாமா குனிந்து அந்த இலக்கத்தைப் பார்த்தார்.

“நெதந்தான்! மேல ஒரு தூடு, உள்ள ஒரு தூடு. பிள்ளை பொய் தொல்லல. கலியாணத்துக்கு நாள் பாருங்க.”

என் வேலைக்கு மாமா முத்திரை குத்தியது தன் நாக்கில்தான். எனக்கு வந்த சந்தோஷத்தில் அவருடைய மிச்சப் பாயாசத்தையும் நானே ஊதி ஊதிக் குடித்தேன்.

இன்றும் வீட்டில் சூடாக எது வந்தாலும் யாரும் வாய் வைப்பதில்லை. மாமா கோப்பையை என் பக்கம் தள்ளி, “மிதவையை இறக்கு!” என்று கத்துவார். முதல் வாய் எனக்கு. போன வாரம் பாலர் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையிடமும் அம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்டார்களாம். என் மகள் எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள்: “மிதவை.”