வெளிர்நீலப் பெட்டிக்கு எதிரான சொந்தக் கருத்து

உவகை நாடு என்று ஒரு நாடு இருந்தது. வரைபடத்தில் தேட வேண்டாம். மலை, ஆறு, வரி, வாய்தா எல்லாம் மற்ற நாடுகளைப் போலத்தான் அங்கும் இருந்தன. ஒன்று மட்டும் கூடுதல்: அந்நாட்டு மக்களுக்கு எல்லாவற்றைப் பற்றியும் கருத்து இருந்தது. புது நாடகம் வந்தால் கருத்து. புதுப் பாட்டு வந்தால் கருத்து. புதிதாக ஒரு கருவி கடைக்கு வந்தால் வாங்கியவனுக்கு ஒன்று, வாங்காதவனுக்கு இரண்டு. ஒரு பாட்டுக்கு இரண்டாம் சரணம் தேவையா என்ற பேச்சில் நிச்சயம் முறிந்த வீடுகள்கூட உண்டு.

ஊருக்கு ஊர் சந்தைக்குள் ஒரு நீளச் சுவர் இருந்தது. யார் வேண்டுமானாலும் தன் கருத்தைத் தாளில் எழுதி அதில் ஒட்டலாம். படித்தவர் ஒத்துப்போனால் அடியில் ‘எனக்கும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஒத்துப்போகாவிட்டால் பக்கத்திலேயே தன் தாளை ஒட்டுவார். சண்டை எல்லாம் பசையோடு முடிந்துவிடும்.

கொத்தலூர்ச் சுவரில் அஞ்சுகத்தின் தாளுக்குத் தனி மதிப்பு. அவள் மைக் செட் சிற்றம்பலத்தின் மனைவி. கல்யாண வீடுகளில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவது அவர், ஒயர் சுற்றுவது அவள். வாரம் ஒரு கருவி, ஒரு பாட்டு, ஒரு நாடகம். ஒவ்வொன்றுக்கும் நாலு வரி. தெரிந்ததைத்தான் எழுதுவாள். பாதி அறிவு அவருடைய காதிலிருந்து வந்தது. மூன்று தெரு தள்ளிக் கத்தும் குழாயைக் கேட்டே அதன் சவ்வு எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர் சிற்றம்பலம்.

அந்த வருஷம் மகாராஜா உவகைவர்மர் ஒரு பாட்டு எழுதினார். தாமே மெட்டமைத்து, தாமே பாடினார். குடிமக்கள் அதைத் தவறவிட்டுவிடக் கூடாதே என்ற கவலையில், ஆளுக்கொரு காதுப்பெட்டியை இலவசமாக வழங்கினார். வெளிர்நீலப் பெட்டி; நண்டு பிடித்தாற்போல் ஒரு காதைக் கவ்விக்கொள்ளும். பின்னால் சின்னப் பூட்டு, சாவி அரசிடம். பகல் முழுக்கப் பாட்டு ஓடும். நடுநடுவே பாட்டைப் பற்றி மகாராஜா பேசுவார்.

பாட்டு எப்படி இருந்தது என்பது இங்கே பேச்சில்லை. பெட்டி சுட்டது. மூன்றாம் நாள் காது சிவந்தது, ஏழாம் நாள் கொப்புளம், பன்னிரண்டாம் நாள் சிற்றம்பலத்தின் இடது காதில் சீழ் வடிந்து, அதில் கேட்பது அடியோடு நின்றுபோனது. உடனே அரசு ஆள் வந்தார். நோயாளிக்கு மருந்து கொடுக்க அல்ல. ஒரு காது பயனற்றுப் போனால் பெட்டியை மறு காதுக்கு மாற்ற வேண்டும் என்று விதி. மாற்றிவிட்டுப் போனார்.

இன்னும் பன்னிரண்டு நாள் என்று அஞ்சுகம் கணக்குப் போட்டாள். அன்றே எழுதினாள்: ‘பெட்டி சுடுகிறது. என் வீட்டுக்காரருக்கு ஒரு காது போய்விட்டது. கழற்ற வேண்டும்.’ நாலு வரிகூட வரவில்லை. சந்தை கலைவதற்குள் அந்தத் தாளின் அடியில் முந்நூற்றுப் பன்னிரண்டு ‘எனக்கும்’ சேர்ந்தன. இடம் போதாமல் சுவரிலேயே எழுதியவர்களும் இருந்தார்கள். மறுநாள் காவலர்கள் வந்து காரையோடு சுரண்டி எடுத்துப் போனார்கள்.

ஐந்தாம் நாள் இரசனை அமைச்சர் ஆணை வெளியிட்டார்.

“சொந்தக் கருத்து என்பது குடிமக்களின் பிறப்புரிமை. அதன்மேல் கை வைக்க இந்த அரசு எவரையும் அனுமதிக்காது. ஆகவேதான் அது சொந்தமானதாக இருக்க வேண்டும் என்பதில் கண்டிப்பு காட்டுகிறோம். ஒரே கருத்து இருவரிடம் இருந்தால் ஒருவர் திருடியிருக்கிறார். மூவரிடம் இருந்தால் அது சதி. பாராட்டுக்கு இவ்விதி பொருந்தாது. பாராட்டு கருத்தல்ல, உண்மை. அதை எத்தனை பேரும் வைத்துக்கொள்ளலாம்.”

பெட்டியைப் பற்றிய குறை, சொந்தக் கருத்து என்று பதிவாகிவிட்டால் அந்த வீட்டுப் பெட்டிகளைக் கழற்றிவிடலாம் என்றும் ஆணையில் கடைசி வரி ஒன்று இருந்தது. ஊரே அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டது. அரசு எவ்வளவு தாராளம் என்று பேசியவர்களும் உண்டு, காதில் துணியைச் சுற்றிக்கொண்டு.

பதிவு செய்ய இரண்டு சாட்சிகள் வேண்டும். மனுதாரரின் கருத்து தங்களுக்கு இல்லை என்று அவர்கள் சத்தியம் செய்ய வேண்டும். அஞ்சுகம் யாரைக் கேட்பது என்று தயங்கி நின்றபோது, இஸ்திரி போடும் செல்லாயியும் பொரிகடைக் கன்னியப்பனும் தாங்களாகவே வந்தார்கள். சத்தியம் செய்துவிட்டால் அப்புறம் தங்கள் காதுக்காக ஒரு வார்த்தை பேச முடியாது என்பது இருவருக்கும் தெரியும். “அண்ணன் காதுதான் சோறு போடுற காது,” என்றாள் செல்லாயி. “நாள் பூரா இஸ்திரிப் பெட்டி பிடிக்கிறவளுக்குச் சூடு என்ன புதுசா?”

பதிவாளர் மேகநாதர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அவருடைய காதுகள் வெறுங்காதுகள். பதிவாளர்களுக்கு விலக்கு உண்டு.

“அம்மையாரின் கருத்து, பெட்டி சுடுகிறது என்பது. உங்களுக்குச் சுடுகிறதா?”

மஞ்சள் பற்றுப் போட்ட துணியின் மேல் கையை வைத்துக்கொண்டு கன்னியப்பன், “இல்லீங்க. குளுகுளுன்னு இருக்கு,” என்றார். வலி தாங்காமல் கண்ணில் நீர் நின்றது.

“ஆனந்தக் கண்ணீர் என்று குறித்துக்கொள்ளலாமா?”

“உங்க இஷ்டம்.”

செல்லாயியும் சத்தியம் செய்தாள். மேகநாதர் முத்திரையை எடுத்து மையில் தொட்டார். பிறகு பெரிய பேரேடு ஒன்றை விரித்துப் புரட்டி, முத்திரையைத் திரும்பக் கீழே வைத்துவிட்டார்.

“வருந்துகிறேன். வடக்குக் கோட்டத்தில் ஒருவர் உங்களுக்கு முன்பே சுட்டுக்கொண்டிருக்கிறார். இந்தக் கருத்து அவருக்குச் சொந்தம்.”

“அவருக்குக் கழட்டியாச்சா?”

“காது புரையோடி, முந்தாநாள் காலமாகிவிட்டார்.”

“அப்ப அந்தக் கருத்து இப்ப யாருக்கும் இல்லையே, ஐயா.”

“அப்படிச் சொல்லக் கூடாது, அம்மா. அது அவருடைய நினைவாகப் பாதுகாக்கப்படுகிறது.”

அஞ்சுகத்துக்கு அந்தப் பேரேட்டைத் தூக்கி அவர் தலையில் போட வேண்டும் போலிருந்தது. வெளியே பெஞ்சில் சிற்றம்பலம் வலது காதைக் கையால் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார். அவள் கூப்பிட்டது கேட்காமல், இரண்டாம் தடவை கூப்பிட்டபோதுதான் திரும்பினார். அவள் திரும்பி மேகநாதரின் மேசைக்கே வந்தாள். எரிகிறது என்று எழுதலாமா என்று கேட்டாள். கிழக்குக் கோட்டத்தில் ஒரு வாத்தியாருடையது. தோல் உரிகிறது? ஒரு படகுக்காரருடையது. சீழ்? ஒரே நாளில் ஒன்பது பேர் கேட்டதால் ஒன்பது பேரும் சிறையில் இருந்தார்கள்.

“வித்தியாசமாக யோசியுங்கள்,” என்றார் மேகநாதர் அன்பாக. “உங்கள் தாள்களை நான் படித்திருக்கிறேன். உங்களுக்கென்று ஓர் இரசனை இருக்கிறது.”

அவள் ஒரு தாளை வாங்கி எழுதினாள்: ‘பெட்டியின் வெளிர்நீலம் எனக்குப் பிடிக்கவில்லை.’

மேகநாதரின் முகம் மலர்ந்தது. இதுவரை யாருக்கும் தோன்றாத கருத்து என்றார். முத்திரை விழுந்தது. சாவி வந்தது. அஞ்சுகத்தின் பெட்டி முதலில் கழன்றது. மற்றது கழன்றபோது சிற்றம்பலத்தின் காதில் பாதித் தோல் அதோடு போயிற்று. ஆனாலும் அந்தக் காது கேட்டது. சாட்சிகள் இருவரும் தங்கள் பெட்டிகளோடு வீட்டுக்கு நடந்தார்கள்.

வழி தெரிந்துவிட்டது. அடுத்த சந்தைக்குள் சுவர் நிறைந்தது. பதிவு வரிசை நீண்டுகொண்டே போனது, முத்திரை சிலருக்குத்தான் விழுந்தது. ஒருவருக்கு வார் பிடிக்கவில்லை. ஒருவருக்குப் பூட்டின் வடிவம். ஒருத்திக்குப் பாட்டில் வயலின் போதவில்லை, அடுத்த வீட்டுக்காரிக்கு வயலினே கூடாது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்ல முடியாது என்பதால் ஆளுக்கு ஆள் அடித்துக்கொண்டு புதிதாகக் கண்டுபிடித்தார்கள். பிறகு, கண்டுபிடித்ததை மனதார நம்பவும் தொடங்கினார்கள். நீலத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற கன்னியப்பனோடு, பச்சைதான் நாகரிகம் என்ற தறிகாரர் ஒருவர் கைகலந்தார். இருவர் காதிலும் பெட்டி சுட்டுக்கொண்டிருந்தது. நாடு முழுவதும் அறுபதாயிரம் தாள்களை எடுத்துப் படித்த விசாரணைக் குழு, ‘சூடு’ என்ற சொல் ஒன்றில்கூட இல்லை என்று அறிக்கை கொடுத்தது.

தேர்தல் வந்தது. பெட்டி வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. நீலமா பச்சையா என்று கேட்டார்கள். பச்சை பெரும் வெற்றி பெற்றது. மக்கள் குரலுக்கு மகாராஜா தலைவணங்கினார். தெருவெல்லாம் வெடி வெடித்தார்கள்.

மறுநாள் காலையில் பெட்டி பூட்டும் அரசு ஆள் அஞ்சுகத்தின் வீட்டு வாசலில் நின்றார், மாலையும் தட்டுமாக.

“நீலத்துக்கு எதிரா முதல்ல எழுதினது நீங்கதானாமே, அக்கா? அரசாங்கம் உங்க கருத்தைத்தான் அப்படியே ஏத்துக்கிச்சு. அதனால முதல் பெட்டி உங்க வீட்டுக்குத்தான்.”

சிற்றம்பலம் எழுந்து உள்ளே போகப் பார்த்தார். பின்னால் நின்ற காவலர்கள் அவருடைய தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அவர் அவளைப் பார்த்தார். ஆறாத அந்த வலது காதின் மேல் புதுப் பெட்டி கவ்விக்கொண்டது.

இளம்பச்சை. தளிர் வெற்றிலையின் நிறம். நல்ல நிறமாகத்தான் இருக்கிறது என்று அஞ்சுகத்துக்கு ஒரு கணம் தோன்றிவிட்டது.

பூட்டுபவர் சாவியைத் திருகி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பதிவேட்டை விரித்து அவள் முன் நீட்டினார். கருத்து ஏதும் உண்டா என்று கேட்டார்.