ராகு காலத்துக்கு முன் ஒரு நேர்முகத் தேர்வு

கரையாம்புத்தூர்,
புதன்கிழமை மாலை.

வில்லியனூரில் இருந்துகொண்டே எங்கள் வீட்டு முடிவுகளையெல்லாம் எடுத்துத் தருகிற தையலம்மாள் அத்தை அவர்களுக்கு, தங்கள் தம்பி அரங்கநாதனின் மகள் இளவரசி பணிவாக எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, கரும்பு எல்லாம் நலம். நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மாமாவை மட்டும் தனியாக விசாரித்ததாகச் சொல்லவும்.

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நினைக்காதீர்கள். கேட்டது நீங்கள்தான். நேற்று சாயங்காலம் போன் செய்து, "இன்னாடி, கம்பெனிக்காரன் கூப்ட்டானா? கூப்டல இல்ல?" என்று கேள்வியையும் பதிலையும் நீங்களே சொல்லிவிட்டு, "வாயால சொல்றதெல்லாம் எனக்கு வோணாம். நாளைக்கி நான் எங்க சொன்னன்னு கேப்ப. சம்மதம்னு எழுதிக் குட்த்துடு" என்றீர்கள். போனில் நீங்கள் என்னைப் பேச விட்டதும் இல்லை. அதனால் நடந்ததையெல்லாம் முதலில் எழுதிவிட்டு, சம்மதத்தைக் கடைசியில் எழுதுகிறேன். நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய்விடாதீர்கள்.

நமக்குள் ஆன பேச்சு இதுதான். வெள்ளிக்கிழமை போன நேர்முகத் தேர்வுதான் கடைசி. செவ்வாய்க்குள் கம்பெனியிலிருந்து கூப்பிட்டால் நான் வேலைக்குப் போகலாம். கூப்பிடாவிட்டால் நெட்டப்பாக்கத்து மணிபாரதியைக் கட்டிக்கொள்ள வேண்டும். மணிபாரதியை நான் குறை சொல்லவில்லை. சொந்தமாக டிராக்டர் வைத்திருக்கிறார், சத்தமாகச் சிரிப்பதில்லை. ஆனால் "எங்க வூட்டுக்கு வர்ற பொண்ணு வேலைக்குப் போறதெல்லாம் பழக்கம் இல்ல" என்று அவருடைய அம்மா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார். எனக்கு வேலைக்குப் போக வேண்டும், அத்தை. இதை ஐந்து வருடமாகச் சொல்கிறேன். அப்பாவுக்கும் தெரியும். ஆனால் அப்பா பிறந்ததிலிருந்து அக்கா பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசியதில்லை.

இதற்கு முன்னால் போன இடங்களில் வேலை கிடைக்காததற்கு நான்தான் காரணம் என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். வில்லியனூர் பைனான்ஸ் ஆபீசில் "உங்களப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டார்கள். அதுவரை என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எல்லாரும் மாப்பிள்ளை வீட்டார்தான். ஆகவே, அப்பா பெயர், இரண்டு காணி நிலம், உத்திராட நட்சத்திரம், செவ்வாய் தோஷம் கிடையாது என்று வரிசையாக ஒப்பித்துவிட்டேன். கேட்டவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ரொம்ப நல்லதும்மா" என்றார். அடுத்தது செல்போனிலேயே முகம் பார்த்துப் பேசுகிற நேர்முகத் தேர்வு. நம் வீட்டில் அதற்குச் சிக்னல் போதாது என்று கரும்புத் தோட்டத்து மோட்டார் கொட்டகையில் போய் நின்றேன். எதிரில் இருந்தவர் கொஞ்சம் அதட்டலாகக் கேள்வி கேட்டார். தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த அப்பா, யாரோ பெண்ணை மிரட்டுகிறான் என்று நினைத்து மண்வெட்டியோடு வந்து, "யார்ரா நீ? எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டார். அவர் எந்த ஊர் என்று சொல்லாமலே போனை வைத்துவிட்டார்.

இனி வெள்ளிக்கிழமை. திருபுவனைப் பக்கம் மருந்து பாட்டிலுக்கு மூடி செய்கிற கம்பெனி. ஸ்டோர் உதவியாளர் வேலை, பத்தரை மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம் என்று முதல் நாளே போன் செய்தீர்கள். "பத்தரைக்குள்ள அந்த ரூமுக்குள்ள கால வெச்சிடணும். அப்பறம் எத்தினி மணிக்கு வேணாலும் பேசட்டும்" என்றீர்கள். நல்ல காரியத்துக்குப் போகும்போது பெண்ணைத் தனியாக அனுப்பக் கூடாது என்று அப்பாவையும் அம்மாவையும் கிளப்பினீர்கள். மூன்று பேராகப் போகக் கூடாது என்று அம்மா இழுத்தபோது, வேன் ஓட்டும் பாக்யராஜைச் சேர்த்தால் நான்கு ஆகிவிடுமே என்றேன். "டிரைவரு கணக்குல வரமாட்டான், வாடகைக்கி வர்றவன்" என்று தீர்ப்பு சொன்னீர்கள். எதிர்வீட்டு செல்வகுமாரி அக்கா கணக்குக்காக வேனில் ஏறியது அதனால்தான். வெறுங்கையோடு போகக் கூடாது என்றதும் நீங்கள்தான். அதனால் வெற்றிலை, பாக்கு, ஆப்பிள், வாழைப்பழம் அடுக்கிய தட்டோடு அம்மா முன்னால் நடக்க, பட்டுப்புடவையில் செல்வகுமாரி அக்கா பின்னால் வர, கம்பெனி கேட்டில் போய் இறங்கினோம்.

காவலாளி எங்களை மேலும் கீழும் பார்த்து, "யாருக்கும்மா நிச்சயம்?" என்று கேட்டார். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு என்னைக் காட்டினார்கள். வெளியிலிருந்து எந்தப் பொருள் உள்ளே வந்தாலும் எழுதி வைக்க வேண்டுமாம். பழத்தட்டைப் பதிவு செய்து, திருப்பி எடுத்துப் போக வேண்டியது என்று சீட்டு கொடுத்தார். செல்வகுமாரி அக்காவையும் அதே சீட்டில் எழுதிவிட்டாரோ என்று எனக்கு இன்னும் சந்தேகம். தட்டோடு அவர்கள் எல்லாரும் கேட்டிலேயே நிற்க, நான் மட்டும் உள்ளே போனேன்.

என்னைக் கூப்பிட இன்னும் நேரம் இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபத்தைந்து. அந்தச் சமயத்தில் அலுவலக உதவியாளர் அந்தோணிசாமி கையில் காபித் தட்டை வைத்துக்கொண்டு கதவைத் திறக்க முடியாமல் நின்றிருந்தார். உள்ளே கால் வைப்பதற்கு இதைவிட நல்ல வழி கிடைக்காது என்று தோன்றியது. "குடுங்கண்ணா, நான் எடுத்துனு போறன்" என்று தட்டை வாங்கிக்கொண்டு, ராகு காலம் பிறப்பதற்குள் உள்ளே போய்விட்டேன். அங்கே ஒரு சோபாவில் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், இரண்டு பக்கமும் இரண்டு ஆண்கள். மூன்று பேரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். என் கையில் காபித் தட்டு. தலையில் மல்லிகைப் பூ. அதற்குப் பிறகு நடந்தது எதையும் நான் யோசித்துச் செய்யவில்லை, அத்தை. பெரியவர் யார் என்று பார்த்து அந்த அம்மாளுக்கு முதலில் காபி கொடுத்தேன். மற்ற இருவருக்கும் கொடுத்தேன். தட்டைக் கீழே வைத்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூன்று பேர் காலிலும் சேர்த்து ஒரே கும்பிடாக விழுந்துவிட்டேன்.

விழுந்த பிறகுதான் தரையில் கம்பெனிச் சின்னம் போட்ட மிதியடி கண்ணில் பட்டது. எழுந்திருக்காமல் அப்படியே இருந்துவிடலாமா என்று பார்த்தேன். வலது பக்கத்து ஆண் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டது சத்தத்திலேயே தெரிந்தது. "எழுந்திரும்மா. இந்த ஆபீஸ்ல யாரும் யார் கால்லயும் விழ மாட்டாங்க. நீ ஏன் விழுந்தே?" என்று அந்த அம்மாள் கேட்டார். பொய் எதுவும் தோன்றவில்லை. "மூணு பேரு வரிசையா உக்காந்து பாத்தா எனக்குத் தெரிஞ்சது இதான் மேடம். இதுவரிக்கும் ஏழு வூட்டுக்காரங்க வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க. உடம்பு தானா வுழுந்துடுச்சி" என்றேன். ஆண்கள் இருவரும் சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்காமல் எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டி, "உக்காரு. இது வேற மாதிரி" என்றார்.

உட்கார்ந்ததும் பயம் போய்விட்டது. மானம் மிச்சம் இருந்தால்தானே பயப்பட. படிப்பு முடிந்து ஐந்து வருடம் என்ன செய்தாய் என்றார்கள். "பாத்துட்டுப் போனவங்க சொல்லி அனுப்புவாங்கன்னு காத்துனு இருந்தன் சார். நடுவுல கம்ப்யூட்டர்ல டேலி கணக்கு கத்துக்கினன். எங்க கரும்புக்கு வெட்டாளு, லாரி எல்லாம் நான்தான் பேசி வர வெக்கிறன்" என்றேன். ஸ்டோருக்கு வருகிற லாரி டிரைவர்கள் கத்துவார்களே, என்ன செய்வாய் என்று சட்டையைத் துடைத்துக்கொண்டே ஒருவர் கேட்டார். "அவங்க கத்தி முடிக்கிற வரிக்கும் நிப்பன் சார். அப்பறம் பேசுவன். எங்க அத்தைகிட்ட பழகுனது" என்றேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பதில்தான் அவர்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கடைசியில் அந்த அம்மாள், "நீ எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்றார். ஏழு வீட்டாரில் ஒருவரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் நீங்கள் குடைந்து குடைந்து கேட்பதை நினைத்துக்கொண்டேன். இந்த வேலையில் இதற்கு முன்னால் இருந்தவர் ஏன் போனார், பெண்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டால் யார் கொண்டுவந்து விடுவார்கள், யாராவது தப்பாக நடந்துகொண்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒன்று விடாமல் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்கள். முன்னால் இருந்தவர் லாரிக்காரர்களுக்குப் பயந்து ஓடிவிட்டாராம். நான் கேட்டு மூன்று பேர் பதில் சொல்வது எனக்குப் புதிதாக இருந்தது. அந்த அறையில் இருந்த நேரம் முழுக்க என்னை எனக்கே பிடித்திருந்தது, அத்தை. செவ்வாய்க்கிழமைக்குள் போன் வரும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வெளியே வந்ததும் அம்மா, "இன்னா சொன்னாங்க, புடிச்சிருக்குதாமா?" என்று கேட்டார்கள். காவலாளி சீட்டை வாங்கிக்கொண்டு, தட்டில் இருந்த பழங்களை எண்ணிப் பார்த்தார். ஒரு வாழைப்பழம் குறைந்தது. பாக்யராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

செவ்வாயும் போய்விட்டது, போன் வரவில்லை. காலில் விழுந்தவளை யார் வேலைக்கு எடுப்பார்கள்? ஆகவே, அத்தை, சொன்ன சொல் மாறாமல் எழுதிக் கொடுக்கிறேன். நெட்டப்பாக்கத்து மணிபாரதியைக் கட்டிக்கொள்ள எனக்குச் சம்மதம். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள். அழுதுகொண்டு எழுதவில்லை. அழுதுவிட்டு எழுதுகிறேன்.

உங்கள் ஆசி எப்போதும்போல் எங்கள் வீட்டின் மேல் இருக்கட்டும். மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைய நம் ஊர் மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட மருமகள்,
அ. இளவரசி

பின்குறிப்பு: மேலே கையெழுத்துப் போட்டு, காகிதத்தை மடிக்கப் போகும்போது அப்பாவின் போனில் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட அம்மாளே பேசினார். திங்கட்கிழமையே என் போனுக்கு முயற்சி செய்தார்களாம், கிடைக்கவில்லையாம். நம் ஊர் சிக்னலை நம்ப முடியாது என்று விண்ணப்பத்தில் இரண்டாவதாக உங்கள் எண்ணைக் கொடுத்திருந்தேன். அதில் கூப்பிட்டபோது ஒரு பெரியம்மா, "அந்தப் பொண்ணு கல்யாணத்துக்கு ஒத்துக்கிச்சு. இனிமே வேலைக்கெல்லாம் வராது. வேற ஆளப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டாராம். அந்த அம்மாள் அதை நம்பவில்லை. "அவ்ளோ கேள்வி கேட்ட பொண்ணு, வரலேன்னா அதையும் அவளேதான் சொல்லுவா" என்று சொல்லி, மூன்றாவதாக இருந்த அப்பாவின் எண்ணைத் தேடிக் கூப்பிட்டிருக்கிறார். வருகிறேன் என்று நானே சொல்லிவிட்டேன். வருகிற திங்கட்கிழமை சேர்கிறேன். மேலே எழுதிய சம்மதம் செல்லாது.

எனக்கு உங்கள்மேல் கோபம் இருக்கிறது. அது போக நாளாகும். கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். அப்பா என் கையிலிருந்து வாங்கி, முதலிலிருந்து கடைசிவரை நின்றபடியே படித்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டார். இதைத் தபாலில் போட வேண்டாமாம். அவரே வில்லியனூருக்குக் கொண்டுவருகிறார். நீங்கள் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாராம், அதற்கப்புறம் அவர் பேச வேண்டுமாம்.