மஃப்ளரைக் கழற்றிய கணக்கர்

ஓரியாக் நகரத்துக் குடை ஆலையில் கணக்கராக இருந்த ஃபிர்மன் டெல்பெஷ், கோடையானாலும் பனியானாலும் மூக்குவரை மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு எல்லோருக்கும் முன்பாக வேலைக்கு வந்துவிடுவார். வந்ததும், கோட்டு மாட்டும் அறையின் கணப்பருகே ஒதுங்கிக்கொள்வார். சளி என்பது அவர் சொல்லும் காரணம். அந்தச் சளிக்குப் பல வயதாகிவிட்டது.

உண்மைக் காரணம் வேறு. முதலாளி முதல் தரை பெருக்குகிறவர் வரை, ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரின் கன்னத்திலும் மூன்று முத்தம் வைத்து வணங்கிய பிறகுதான் அந்த ஆலையில் வேலை தொடங்கும். ஃபிர்மனுக்கோ, அடுத்தவர் கன்னம் அருகில் வந்தாலே ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்ளும் ஆமையின் நிலைமை.

அண்மையில் அந்தக் கணப்பருகே ஒரு பெண்ணும் ஒதுங்கத் தொடங்கியிருந்தார். பெயர் ஸெலி. மர்செய் நகரத்து டிராம்களில் பிறர் பைகளின் எடையைக் குறைப்பது அவருடைய முன்னாள் தொழில். சிறையிலிருந்து நிபந்தனையின்பேரில் வெளியே வந்து, குடைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலையில் சேர்ந்திருந்தார். ஆலையில் ஓர் ஊசி தொலைந்து பழி அவர்மேல் விழுந்தாலும் மறுபடி சிறைதான். அவர் முத்தமிட்டு நகர்ந்ததும் எல்லோரும் தங்கள் பையைத் தடவிப் பார்த்தார்கள். அதனால் அவர் முத்தமிடுவதையே விட்டுவிட்டார்.

"உங்க சளி எப்பத்தான் சரியாகும், கணக்கரே?"

"நம்ம ஆளுங்க பையைத் தடவுறதை எப்ப நிறுத்துறாங்களோ, அப்ப."

ஸெலி சிரித்தார். அன்றிலிருந்து ஃபிர்மனின் கூட்டல்களில் பிழை வரத் தொடங்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, முத்தச் சடங்கு முடிந்ததும் முதலாளி கஸேல் தம் கையில்லாக் கோட்டின் பையைத் தொட்டுப் பார்த்து வெளிறிப்போனார்.

"என் கடிகாரத்தைக் காணோம். தாத்தா குடுத்த தங்கக் கடிகாரம், மூடியில குடை செதுக்கினது. மதியத்துக்குள்ள வரலைன்னா போலீஸ்தான்."

கோழிக்கூண்டருகே ஓர் இறகு கிடந்தால், காடு முழுவதும் நரியின் வாயைத்தான் பார்க்கும். நரி காய்கறிக்கு மாறி எத்தனை காலமானாலும் சரி. எல்லாக் கண்களும் ஸெலியின் பக்கம் திரும்பின.

ஃபிர்மன் கோட்டு அறைக்கு ஓடினார். தம் கோட்டுக்கு அருகில் தொங்கிய ஸெலியின் கோட்டுப் பையிலிருந்து ஒரு சங்கிலி நுனி எட்டிப் பார்த்தது. இழுத்தார். தங்கக் கடிகாரம், மூடியில் குடை.

ஸெலிதான் எடுத்திருக்கிறார் என்று முடிவு கட்டினார். ஆனாலும் அந்தச் சிரிப்பைச் சிறைக்கு அனுப்ப மனம் வரவில்லை. கடிகாரம் முதலாளியின் பைக்கே திரும்பிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். அதற்கு முதலாளியை நெருங்க வேண்டும். நெருங்க ஒரே வழிதான் உண்டு.

ஃபிர்மன் மஃப்ளரைக் கழற்றினார்.

"காலை வணக்கம், ஐயா," என்று முதலாளியின் கன்னத்தை நோக்கிச் சென்றார். முத்தம் ஒன்று, இரண்டு. பழக்கம் விட்டுப்போனதால் இரண்டோடு முகத்தை விலக்கினார். முதலாளியோ மூன்றாவதற்கு வந்துகொண்டிருந்தார். மூக்கும் மூக்கும் மோதின. கடிகாரம் நழுவி, பக்கத்தில் பாதி விரிந்திருந்த குடைக்குள் விழுந்தது. அதை யாரோ சுருட்டி, பெட்டி அடுக்கும் பகுதிக்கு எடுத்துப்போனார்கள்.

அது ஸெலி வேலை செய்யும் பகுதி. ஃபிர்மன் அங்கே ஓடினார். குடையில் கடிகாரம் இல்லை. கோட்டு அறைக்கு ஓடினார். அது மறுபடியும் ஸெலியின் கோட்டுப் பையில் இருந்தது.

'என்ன கை இது!' என்று வருந்தினார். கொஞ்சம் வியக்கவும் செய்தார். மறுபடி எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், வாசலில் வரவேற்பாளர் ஜிஸ்லேன் அம்மாள் நின்றார்.

"எல்லாரும் வாங்க, நம்ம தம்பிக்குச் சளி சரியாயிடுச்சு."

ஆலையே வரிசையில் நின்றது. பல ஆண்டு பாக்கி முத்தங்கள். ஜிஸ்லேன் அம்மாள் இரண்டு முறை வரிசையில் வந்தார். கன்னம் சிவந்து ஃபிர்மன் முதலாளியை எட்டியபோது காவல் அதிகாரியும் வந்துவிட்டார். இம்முறை மூன்று முத்தமும் பிசகவில்லை. கடிகாரமும் சரியான பைக்குள் இறங்கியது.

"ஐயா, பையை இன்னொரு தடவை பாருங்களேன்."

முதலாளி கையை விட்டார், கடிகாரத்தோடு எடுத்தார்.

அதிகாரி புருவம் உயர்த்தினார். "காலையில இல்லாதது இப்ப இருக்குன்னா, யாரோ திருப்பி வெச்சிருக்காங்க. பைக்குள்ள கை விடுறது இங்க யாருக்குத் தொழில்?"

அவர் ஸெலியின் முழங்கையைப் பற்றினார்.  ஸெலி முதலாளி கையிலிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க. எடுத்தது நான்தான்," என்றார் ஃபிர்மன்.

"இவரா? இவருக்கு ஒரு கரண்டி திருடக்கூட வராது," என்றார் ஸெலி.

அந்நேரம் முதலாளியின் மனைவி நனைந்த குடையோடு உள்ளே நுழைந்தார்.

"இந்தாங்க உங்க கடிகாரம். குளியலறையில சோப்புக்குப் பக்கத்துலயே வெச்சுட்டு வந்துட்டீங்க."

முதலாளியின் இரண்டு கைகளிலும் இரண்டு கடிகாரங்கள் டிக் டிக் என்றன.

"அப்ப இது யாரோடது?" என்றார் அதிகாரி.

"என்னோடது," என்றார் ஸெலி. "எங்க தாத்தா இந்த ஆலையில கம்பி வளைச்சவர். அப்ப இருந்த பெரிய முதலாளி தன் பேரனுக்கு ஒண்ணு, எங்க தாத்தாவுக்கு ஒண்ணுன்னு செஞ்சு குடுத்தாராம். அதை வெளியில காட்டினா என்னை யார் நம்புவா? காலையில அது ஒரு குடைக்குள்ள கிடந்தது, எடுத்து மறுபடி கோட்டுல வெச்சேன். யாரோ தொழில் தெரிஞ்ச ஆள் இங்க இருக்கான்னு நினைச்சேன்."

அதிகாரி அவர் முழங்கையை விட்டுவிட்டு, ஃபிர்மனை மேலும் கீழும் பார்த்தார். "அப்படின்னா இன்னிக்கு இந்த ஆலையில நடந்த திருட்டு ரெண்டும் கணக்கர் ஐயா பண்ணினதுதான். புகார் குடுக்குறீங்களா, அம்மா?" என்று ஸெலியைக் கேட்டார்.

ஃபிர்மன் முதலாளியிடமிருந்து ஸெலியின் கடிகாரத்தை வாங்கினார். பக்கத்திலிருந்த ஒரு மேசையின் மேல் ஏறி நின்று, ஆலை முழுவதும் கேட்கும்படி சொன்னார்:

"இவங்க யார் பொருளையும் எடுக்கலை. ஒரு வார்த்தை கேட்காம இவங்களைத் திருடின்னு நினைச்சு, இவங்க பொருளை நான்தான் எடுத்தேன். எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

இறங்கி வந்து, கடிகாரத்தை இரு கைகளாலும் நீட்டினார்.

ஸெலி அதைக் காதருகே வைத்துக் கேட்டார். "என் பையில எனக்கே தெரியாம கை விட்ட முதல் ஆள் நீங்கதான், கணக்கரே. நாளைக்குச் சந்தைக் கடையில காப்பி வாங்கிக் குடுங்க, சரியாப் போகும். ஆனா கை ரெண்டும் மேசை மேலயே இருக்கணும்."