பதினான்கு முறை நிறுத்திய படம்

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது. நான் சுகம். என் மனைவியும் சுகமாகத்தான் இருக்க வேண்டும். என்னிடம் அவளாக ஒன்றும் சொல்லவில்லை, உன்னிடம் மட்டும் போனில் முக்கால் மணி நேரம் சொல்லியிருக்கிறாள் என்பது உன் கடிதத்தைப் படித்தபோது தெரிந்தது. அத்தானின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். வழக்கமாக விசாரிக்க வேண்டிய மற்றவற்றையும் நான் விசாரித்ததாகவே எடுத்துக்கொள்.

மூன்றாம் மாடிக்காரரிடம் உடனே போய் மன்னிப்புக் கேள், வீட்டிலிருக்கும் பேய்ப்படங்களையெல்லாம் மூட்டை கட்டி அனுப்பு என்று எழுதியிருக்கிறாய். ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுவது உனக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்த கலை. என் தரப்பையும் கேள்.

நான் இருபத்தாறு வருடமாகக் கதவுக்கான கீல், பூட்டு, தாழ்ப்பாள் விற்கிறவன். நல்ல கீல் சத்தம் போடாது. சத்தம் போட்டால் வாங்கினவர் மறுநாளே கொண்டுவந்து என் மேஜைமேல் வைப்பார். ஆனால் இந்தப் பேய்ப்படக்காரர்களின் உலகத்தில் எண்ணெய் என்ற பொருளே கிடையாது. எல்லாக் கதவும் கிரீச்சிடுகிறது. பேய் வருகிறது என்று சொல்ல அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். பெரிய படங்களைப் பற்றி நான் பேசவில்லை. ஊரெல்லாம் பார்த்து ஊரெல்லாம் பயந்த படத்தில் எனக்கு என்ன வேலை? நான் தேடிப் பார்ப்பதெல்லாம் யாரும் கேள்விப்படாத படங்கள். ஒரு தியேட்டரில் மூன்று நாள் ஓடி, நாலாவது நாள் போஸ்டரையும் கிழித்துவிட்ட படங்கள். அப்படி முந்நூற்றுச் சொச்சம் டிவிடி என்னிடம் இருக்கிறது. ‘ஈரத் துண்டு’ என்று ஒரு படம். கொடியில் தொங்கும் துண்டுதான் பேய். அது ஒவ்வொருவராகக் கழுத்தை நெரிக்கிறது. வீட்டில் ஆறு பேர் செத்த பிறகும் ஒருவருக்குக்கூட அந்தத் துண்டை வெயிலில் போட வேண்டும் என்று தோன்றவில்லை. ‘மாடிப்படி பதிமூன்று’ என்று இன்னொன்று. பதிமூன்றாவது படியில் கால் வைத்தால் மரணமாம். நான் எண்ணிப் பார்த்தேன், மொத்தமே பதினோரு படிதான். மூன்று முறை எண்ணினேன். படம் எடுத்தவர் ஒருமுறை எண்ணியிருந்தால் போதும். இதையெல்லாம் எதற்குப் பார்க்கிறாய் என்று நீ கேட்பாய், என் மனைவி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். நான் பயந்து பல வருடம் ஆயிற்று அக்கா. பயப்படுத்தும் ஒரு படம் எங்காவது ஒரு மூலையில் கிடக்கும் என்று தேடுகிறேன். கிடைப்பதெல்லாம் துண்டு.

இனி நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் பல்செட் செய்கிறவர். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குத் தரைத்தளத்துக் கூடத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் பார்க்கலாம், நீங்கள்தான் பேய்ப்படத்தில் கரை கண்டவர், ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தாருங்கள் என்று என்னிடம் வந்து கேட்டார். நானாகப் போய் நிற்கவில்லை; இதை நீ கவனிக்க வேண்டும். நல்ல படம் ஒன்றும் என்னிடம் இல்லாததால், ஒரு மோசமான படத்தைப் போட்டு, பேய்ப்படம் எப்படி எடுக்கக் கூடாது என்று விளக்கலாமே என்று தோன்றியது. ‘மூடாத அலமாரி’யை எடுத்தேன். கிளம்பும்போதே என் மனைவி, “படத்தைப் போட்டுட்டு வாயை மூடிட்டு உட்காருங்க, போதும்” என்றாள். அவள் சொன்னதை நான் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கேட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். பிங்பாங் மேஜையைச் சுவரோரம் தள்ளி, ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டிருந்தார்கள். நான் ரிமோட்டும் கையுமாகத் திரைக்குப் பக்கத்தில் நின்றேன். கதை இவ்வளவுதான்: ஒரு தாய், அவளுடைய நாலு வயதுக் குழந்தை. குழந்தை விளையாட்டாக ஓர் அலமாரிக்குள் ஒளிகிறது, பிறகு வெளியே வருவதே இல்லை. அதற்கப்புறம் அலமாரி தானாகத் திறந்து திறந்து மூடுகிறது. முதல் தடவை திறந்ததும் படத்தை நிறுத்தி, கீலைப் பாருங்கள், நேற்று வாங்கிய பித்தளைக் கீல், மின்னுகிறது, கிரீச்சென்ற சத்தம் மட்டும் நூறு வருடப் பழசு என்றேன். கூடமே சிரித்தது. அக்கா, உண்மையைச் சொல்கிறேன், என் வாழ்நாளில் நாற்பது பேர் என் பேச்சுக்குச் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பேய் கைக்கடிகாரம் கட்டியிருந்த இடத்தில் நிறுத்தினேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும் அறைக்குள் அந்தத் தாய் மெழுகுவர்த்தியோடு நுழைந்தபோது நிறுத்தினேன். கண்ணாடியில் கேமராக்காரரின் முழங்கை தெரிந்த இடத்தில் நிறுத்தி, இதுதான் படத்திலேயே உயிரோட்டமான நடிப்பு என்றேன். மொத்தம் பதினான்கு முறை நிறுத்தினேன். பல்செட்காரர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசி வரிசையில் மூன்றாம் மாடிக்காரர் உட்கார்ந்திருந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை. தினமும் கற்றுக்குட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்து மிதித்து, நாற்காலியில் உட்கார்ந்தாலும் சோபாவில் உட்கார்ந்தாலும் அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அதனால் எங்கள் கட்டடத்தில் அவருக்குப் பெயரே பிரேக். அதிர்ந்து பேசாத மனுஷர். நான் ஒவ்வொரு தடவை படத்தை நிறுத்தும்போதும் அவர் கால் தரையை அழுத்துவதைப் பார்த்தேன். பார்த்தவன் சும்மா இருந்தேனா? “பாருங்க, நம்ம பிரேக் சார் ஒருத்தர் மட்டும்தான் பயப்படறார்” என்றேன். அதற்கும் சிரித்தார்கள். அவரும் லேசாகச் சிரித்தார்.

படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்தன. அந்த இடத்தில் நான் எப்போதும் டிவிடியை வெளியே எடுத்துவிடுவேன். அன்று பாராட்டுக் கேட்டுக்கொண்டிருந்ததில் மறந்துபோனேன். முன்வரிசையில் பல்செட்காரரின் மகள், எதைக் கண்டாலும் சத்தமாக வாசிக்கிற வயது, ‘இயக்கம்’ என்று வாசித்து, அதற்குக் கீழே இருந்த பெயரையும் வாசித்தாள். அதே பெயர் எங்கள் கட்டடத்தின் வாசலில், மூன்றாம் மாடித் தபால் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் எல்லோரும் போகிறோம். நாற்பது தலையும் ஒரே சமயத்தில் பின்பக்கம் திரும்பியது. அவர் எழுந்து, தன் நாற்காலியை மடித்துச் சுவரில் சாய்த்து வைத்தார். “ஆமாங்க, நான்தான் எடுத்தேன். இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “சத்தம் இன்னும் கொஞ்சம் கூட்டி வச்சிருக்கலாம்” என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போய்விட்டார்.

அதற்கப்புறம் நடந்த அநியாயம்தான் எனக்கு ஆறவில்லை. வயிறு குலுங்கச் சிரித்த நாற்பது பேரும் ஐந்தே நிமிடத்தில் யோக்கியர்களாகிவிட்டார்கள். ஒரு மனுஷனை இப்படியா பேசுவது என்று என்னையே கேட்டார்கள். பல்செட்காரர் மறுநாளே அறிவிப்புப் பலகையில், அடுத்த வாரம் விலங்குகள் பற்றிய படம், விளக்கவுரை கிடையாது என்று எழுதிப் போட்டார். கிடையாது என்பதற்கு அடியில் இரண்டு கோடு வேறு. என் மனைவி அன்று மாலையோடு பேச்சை நிறுத்தினாள். சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதி மேஜையில் வைக்கிறாள். முதல் சீட்டில், ‘சாப்பாடு அடுப்பில் இருக்கிறது, கிரீச்சிடாது’ என்று எழுதியிருந்தாள். நான் கேட்கிறேன், மோசமான கீல் செய்தவனை ஊரே திட்டலாம், மோசமான படம் எடுத்தவரைச் சொன்னால் மட்டும் பாவமா? எடுத்தவர் நல்லவர் என்பதற்காகப் பேய் கையிலிருந்த கடிகாரம் கழன்று விழுந்துவிடுமா?

இப்படியெல்லாம் உனக்குப் பதில் எழுத நினைத்து, கடையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் புதன்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். அவரே வந்து நின்றார். என் முகத்தில் ஈயாடவில்லை. உட்காரச் சொன்னேன். உட்கார்ந்ததும் கால் தரையை அழுத்தியது.

“அந்தப் படத்தை எத்தனை தடவை பாத்திருக்கீங்க?” என்று கேட்டார்.

வீட்டில் நாலு தடவை, கூடத்தில் ஒரு தடவை என்றேன்.

“பிடிக்காத படத்தையா?”

குறை கண்டுபிடிப்பதற்காகப் பார்த்தேன் என்றேன். தலையாட்டினார். நான் சொன்ன பதினான்கு குறையும் சரிதான், பதினைந்தாவதாக ஒன்று இருக்கிறது, மூன்றாவது காட்சியில் அந்தத் தாயின் செருப்பு நடுவிலேயே நிறம் மாறுகிறது, அதை விட்டுவிட்டீர்கள் என்றார். எனக்கு நிஜமாகவே வருத்தமாகிவிட்டது, எப்படிக் கவனிக்காமல் போனேன் என்று. படம் வெளியான முதல் நாள் தியேட்டரில் பதினோரு பேர் இருந்தார்களாம். முடியும்போது அவரும் டார்ச் அடிக்கிறவரும் மட்டும்தானாம். கடைசிவரை உட்கார்ந்து பார்த்த ஓர் ஆளைத் தான் இதுவரை சந்தித்ததே இல்லை என்றார். அதைச் சொல்லும்போது குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இல்லை.

எழுந்தவர் வாசலில் நின்று திரும்பினார். “ஒண்ணு கேக்கணும். கடைசி பத்து நிமிஷத்துல மட்டும் நீங்க ஒரு தடவைகூட நிறுத்தல. ஒண்ணும் சொல்லவும் இல்ல. ஏன்?”

நேரமாகிவிட்டது, அதனால்தான் என்றேன். சரி என்று போய்விட்டார்.

பொய் சொன்னேன் அக்கா. அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில் பேய் கிடையாது, இசை கிடையாது, கதவுச் சத்தம்கூடக் கிடையாது. அந்தத் தாய் அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, உள்ளேயிருந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து வைக்கிறாள். முதலில் கைக்குழந்தையின் சட்டை. பிறகு கொஞ்சம் பெரியது. பிறகு நாலு வயதுச் சட்டை. அதோடு முடிய வேண்டும், இல்லையா? முடியவில்லை. பள்ளிச் சீருடை வருகிறது. அதைவிடப் பெரியது வருகிறது. கடைசியில், வளர்ந்த ஓர் ஆளின் முழுக்கைச் சட்டை வருகிறது. அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. காலரை நீவி, கையை உள்ளே மடக்கி, மற்றவற்றின்மேல் வைக்கிறாள். படம் முடிகிறது. நட்ட நடுப்பகலில் பார்த்தபோதும் எனக்குப் பின்கழுத்து சில்லிட்டது. ஐந்து தடவையும் அப்படித்தான். முந்நூறு படத்தில் நான் தேடியது அந்தப் பத்து நிமிடத்தில் இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் மற்றதைக் கிண்டல் செய்ய முடியாதே என்றுதான் வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை மூன்றாம் மாடிக்கு ஏறிப்போய் அவரிடம் இதை அப்படியே சொன்னேன். கூடத்தில் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். ஆகவே உன் உத்தரவில் பாதி நிறைவேறிவிட்டது. அந்தப் பத்து நிமிடத்தை எடுத்தவர் பெரிய கலைஞர், அவரைப் போய்ச் சிரிப்புப் பொருளாக்கியவன் மடையன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். இனி எந்தப் படத்தையும் பார்க்காமல் பழிக்க மாட்டேன், பார்த்த பிறகும் யோசித்துத்தான் பழிப்பேன். உனக்கும் அத்தானுக்கும் உடம்பு நன்றாக இருக்கட்டும், பிள்ளைகள் சொல்பேச்சுக் கேட்கட்டும், உன் வீட்டுக் கதவுகள் சத்தமில்லாமல் திறக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி

பி.கு. கடிதத்தை உறையில் போடும் நேரத்தில் மூன்றாம் மாடிக்காரர் வந்தார். இரண்டு நாளாக மனசு உறுத்துகிறது, ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றார். அந்தப் பத்து நிமிடம் படமே இல்லையாம். படப்பிடிப்பின் கடைசி நாள், உடைகளுக்குப் பொறுப்பானவர் சண்டை போட்டுக்கொண்டு போய்விட, தாயாக நடித்த அம்மாவே, கம்பெனி வெவ்வேறு படங்களுக்காக வாங்கி வைத்திருந்த துணிகளையெல்லாம் மடித்துப் பெட்டியில் போட எடுத்து வைத்தாராம். கேமராவை அணைக்க மறந்துவிட்டார்களாம். அந்த முழுக்கைச் சட்டை கேமராக்காரருடையதாம். புழுக்கம் தாங்காமல் கழற்றி அலமாரியில் மாட்டியிருந்தாராம். படத்தின் நீளம் பத்து நிமிடம் குறைகிறது என்று தியேட்டர்காரர் சொன்னதால் அதை ஒட்டவைத்தார்களாம். “நான் யோசிச்சு யோசிச்சு எடுத்ததுல ஒண்ணுகூட அதுகிட்ட வரல. அதைப் பாத்துட்டுத்தான் படம் எடுக்கறதையே விட்டேன்” என்றார். ஆகவே மேலே நான் எழுதியிருக்கும் கலைஞர், மடையன் எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக எடுத்துக்கொள். கேட்ட மன்னிப்பை மட்டும் திரும்ப வாங்கவில்லை, அது பாட்டுக்கு அவரிடம் இருக்கட்டும். குட்டு உடைந்த பிறகு எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று இன்று மத்தியானம் ஆறாவது தடவையாகப் போட்டேன். என் மனைவி என்ன நினைத்தாளோ, வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே விளக்கினேன்: அது வெறும் மூட்டை கட்டுகிற வேலை, அது கேமராக்காரர் சட்டை. முழுக்கைச் சட்டை வெளியே வந்தது. அந்த அம்மா காலரை நீவினார். என் பின்கழுத்து பழையபடி சில்லிட்டது. பக்கத்தில் அவள் என் கையை இறுகப் பிடித்திருந்தாள். ரிமோட்டை எடுக்கலாம் என்று அவள் பிடியிலிருந்து என் கையை மெல்ல இழுத்தேன். பதிமூன்று நாளுக்குப் பிறகு என் மனைவி என்னிடம் பேசினாள்.

“கையை எடுக்காதீங்க” என்றாள்.