உயிருள்ள பாட்டில்

"கழுவிட்டியா!" என்று தலைமை எழுத்தர் அலறியபோது, அவர் மனைவி பாட்டிலின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா. எவ்வளவு அழுக்கு தெரியுமா? தேய்க்கத் தேய்க்க மாவு மாதிரி பிசுபிசுன்னு வருது."

"அது அழுக்கில்லம்மா. வயசு!"

அந்தத் தூசியோடு சேர்த்துத்தான் மேலாளர் அதை ஒப்படைத்திருந்தார். பிரான்ஸில் அரசர் காலத்து மாளிகைத் தோட்டம் ஒன்றில் விளைந்த திராட்சையின் சிவப்பு ஒயின். மேலாளர் பிறந்த வருடத்துச் சரக்கு. பணி ஓய்வு பெறும் நாளில்தான் திறப்பாராம். ஆண்டுதோறும் விடுமுறைக்குப் போகும்போது, அலுவலகத்தில் யாரை மிகவும் நம்புகிறாரோ அவர் வீட்டில் அதை விட்டுச் செல்வார். போன வருடம் வைத்திருந்த கிடங்குப் பொறுப்பாளர் இன்று ஒரு கிளைக்கு மேலாளர். புதிதாக இன்னொரு கிளை திறக்கவிருந்தது. ஆகவே தலைமை எழுத்தர் பாட்டிலைப் படுக்கையறை அலமாரியில் படுக்கப் போட்டு, போர்வை போர்த்தி வைத்திருந்தார்.

"லேபிள் எங்கே?"

"சிங்க்ல மிதக்குது."

மனைவி அதை எடுத்து இஸ்திரி போட்டாள். லேபிள் காய்ந்தது. ஓரம் கருகியும் போனது.

"பாருங்க, முன்னைவிடப் பழசாயிடுச்சு!"

ஒட்டினார்கள். லேபிள் கிழமாகவும் பாட்டில் இளமையாகவும் இருந்தன. படுக்கையறை மின்விசிறியின் இறக்கையிலிருந்து தூசியை வழித்து அதன் மேல் ஊதினார்கள். நிற்கவில்லை.

"கொஞ்சம் எண்ணெய் தடவுவோமா?" என்றாள்.

தூசி நின்றது. கூடவே அவளுடைய தலைமுடி ஒன்றும் ஒட்டிக்கொண்டது. அதை எடுக்க அவர் பாட்டிலைத் தூக்கினார். வழுக்கியது. கட்டில் விளிம்பில் கழுத்து இடித்து, கார்க் சட்டென்று கழன்று உருண்டோடியது. பாட்டில் உடையவில்லை. ஒயினில் பாதியை மெத்தை குடித்துவிட்டது.



"கிளை போச்சு," என்றார் அவர்.

"மெத்தை போனது உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

மிச்சத்தில் ஒரு சொட்டை அவர் நாக்கில் விட்டுப் பார்த்தார்.

"எப்படி இருக்கு?"

"என்னமோ காய்கறி வாசம் அடிக்குது."

"பழைய ஒயின் அப்படித்தான் இருக்கும். நீங்க எங்க குடிச்சுப் பாத்தீங்க?"

குறைந்ததை நிரப்ப மாதுளைச் சாறு ஊற்றினார்கள். வெளிறிவிட்டது. அதைச் சரிசெய்யக் காபி டிகாஷன் ஊற்றினார்கள். கறுத்துவிட்டது. கடைசியில் மனைவி மருந்துப் பெட்டியைத் துழாவி, பையனின் இருமல் மருந்தைத் தூக்கிக் காட்டினாள்.

"அதே சிவப்பு!"

கார்க்கை அழுத்தி, மெழுகுவத்தியை உருக்கி மூடினார்கள். மறுநாள் மாலை, விடுமுறை முடிந்து மேலாளர் வந்து நின்றார். பின்னால் அவருடைய டிரைவர், கையில் ஒரு துண்டோடு.

மேலாளர் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.  தலைமை எழுத்தரின் மனைவி சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கவனிச்சீங்களா?" என்றார் மேலாளர், குரல் தழுதழுக்க. "வருஷத்துக்கு வருஷம் நிறம் மாறுது. சாதாரணச் சரக்கு இல்லய்யா இது. உயிருள்ளது!"

"ஆமாங்க சார்."

"புதுக் கிளை உங்களுக்குத்தான். இப்படி ஒரு பொறுப்பான ஆளைத்தான் தேடிட்டிருந்தேன்."

தோளில் தட்டிவிட்டு அவர் காருக்கு நடந்தார். தலைமை எழுத்தர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

டிரைவர் பாட்டிலைத் துண்டில் சுற்றி, குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டான். வாசல்வரை போனவன் திரும்பி வந்து, குனிந்து மெதுவாகக் கேட்டான்:

"போன வருஷத்துக்காரர் பீட்ரூட் சாறு ஊத்தினாரு. நீங்க என்ன ஊத்தினீங்க, சார்?"