ஐந்தாம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் நடுவில்

அட்டவணையில் கோடு போடுவது அநாகரிகம் என்று ஒரு காலத்தில் நம்பியிருந்தேன். நம்பியதோடு நிறுத்தியிருக்கலாம். ஊருக்கே பாடம் எடுத்தேன்.

அப்போதுதான் முதுகலை ஆய்வேட்டை முடித்துவிட்டு, புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஆய்வேடு முழுவதையும் லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் செய்தவள் நான். அதில் மவுஸைப் பிடித்துக் கோடு இழுக்கிற வேலை கிடையாது. எல்லாமே எழுதி இடுகிற கட்டளைதான். குறுக்கே முழுக்கோடு வேண்டுமென்றால் அந்த இடத்தில் ‘ஹெச்லைன்’ என்று எழுத வேண்டும். சில கட்டங்களுக்கு மட்டும் போதுமென்றால் ‘சிலைன்’. இதைக் கற்றவர்களில் சிலருக்கு ஒரு வியாதி வரும். நல்ல அட்டவணைக்கு நெடுக்குக் கோடே கூடாது, குறுக்கேயும் மூன்று கோட்டுக்கு மேல் கூடாது என்று சொல்லித் திரிவார்கள். எனக்கு அது முற்றியிருந்தது. (தங்கையின் பள்ளி நேர அட்டவணையையும் அப்படித் திருத்திக் கொடுத்தேன். ஒரு வாரம் தப்பான புத்தகங்களோடு போய் வந்தாள்.)

சரவணனும் நானும் கல்யாணம் செய்துகொள்ள நினைத்திருந்தோம். அவன் அப்பா ஜார்ஜ் டவுனில் ஒரு கோயிலுக்குச் செயலாளர். எங்கள் விஷயத்தில் அவர் சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. “பாகான் டாலாம் பொண்ணா, பார்ப்போம்” என்று, கடலுக்கு அக்கரையிலிருந்த என் ஊரைச் சொன்னதோடு நின்றிருந்தார். அந்த நேரம் பார்த்து பத்து நாள் திருவிழாவுக்கு, எந்தக் குடும்பம் எந்த நாள் பூசைக்கும் சாப்பாட்டுக்கும் பொறுப்பு என்று காட்டும் உபயப் பட்டியலை அடிக்க ஆள் தேடினார். நான் பாய்ந்து போய் வாங்கிக்கொண்டேன்.

அவர் கொடுத்த தாளில் சிவப்புப் பேனாவும் ரூலரும் வைத்துக் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தார். ஒரு நாளுக்கு இரண்டு குடும்பம், இன்னொரு நாளுக்கு ஐந்து என்று பெயர்கள்.

“கோடு எல்லாம் இப்படியே வரணும்மா.”

“இப்பல்லாம் யாரும் கோடு போடறதில்ல அங்கிள். நான் நீட்டா செஞ்சு தரேன்.”

“அப்பா சொன்ன மாதிரியே போட்டுடு லா,” என்றான் சரவணன்.

“உனக்கு டிசைன் தெரியாது,” என்றேன்.

மேலே ஒரு கோடு, தலைப்புக்குக் கீழே ஒன்று, அடியில் ஒன்று. நடுவில் பெயர்கள் மட்டும் ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஓடின. நாளின் பெயரை அந்தந்த நாளுக்குரிய வரிசைகளின் சரிநடுவில் நிறுத்தினேன். அழகில் எனக்கே கண் கலங்கியது. அங்கிள் வெகுநேரம் பார்த்தார். தாளைத் திருப்பி, பின்பக்கமும் பார்த்தார்.

“கோடு அச்சுல விழலையாம்மா?”

“அதான் அங்கிள் அழகு.”

முந்நூறு பிரதி அடித்து எல்லா உபயதாரர் வீட்டுக்கும் அனுப்பினார்கள்.

ஐந்தாம் நாளின் கடைசிப் பெயர் ராமையா. ஆறாம் நாளின் முதல் பெயர் அவருடைய அண்ணன் லெட்சுமணன். ஒரு ரம்புத்தான் மரத்துக்காகப் பல வருஷமாகப் பேசிக்கொள்ளாதவர்கள். அதனால்தான் அங்கிள் இருவரையும் தனித்தனி நாளில் வைத்து, நடுவில் தடித்த சிவப்புக் கோடு போட்டிருந்தார். அந்தக் கோட்டைத்தான் நான் அநாகரிகம் என்று எடுத்துவிட்டேன். எந்தப் பெயர் எந்த நாளோடு போகிறது என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம் பூசை முடிந்து ஜனம் இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறது, சோற்றைக் காணோம். அன்றைய உபயத்தில் சாப்பாடு ராமையாவின் பங்கு. அங்கிள் ராமையாவுக்குப் போன் போட்டார்.

“நாளைக்குத்தானே அண்ணே என் உபயம்? பேப்பர்ல அப்படித்தானே இருக்கு!”

அன்றைக்கு எல்லோரும் வாழைப்பழமும் பிஸ்கெட்டும் சாப்பிட்டார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்று சாப்பிட்டேன்.

மறுநாள் கோயில் வாசலில் இரண்டு வேன். இரண்டு அண்டா சாம்பார். அண்ணன் தம்பி இருவர் கையிலும் என் பேப்பர். இருவரும் அவரவர் பெயரில் விரலை வைத்து, இன்று தன் நாள் என்றார்கள். பேப்பர்படி பார்த்தால் இருவர் சொன்னதும் சரி. அர்ச்சனைத் தட்டோடு குருக்கள் விழித்தார்.

“யாரு இத அடிச்சது?” என்றார் லெட்சுமணன்.

அங்கிள் என்னைப் பார்க்கவேயில்லை. “நான்தான் சரியா பாக்கல. என் தப்பு,” என்றார். அதற்கு அவர் திட்டியிருந்தால் தேவலை.

“ரெண்டு பேரோட பேரையும் சேர்த்தே சொல்லுங்க சாமி,” என்றார் குருக்களிடம். அவர்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்று கும்பிட்டார்கள். பந்தியில் இரண்டு சாம்பாரும் ஓடின. எது நல்ல சாம்பார் என்று கேட்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை.

சாப்பாடு முடிந்ததும் அங்கிள் கோயில் ஆபீசில் மிச்சமிருந்த தாள்களையும் ரூலரையும் எடுத்து உட்கார்ந்தார். இன்னும் நான்கு நாள் பாக்கி. நானும் எதிரில் உட்கார்ந்து ஒரு சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஒரு மணி நேரம் கோடு போட்டோம். அவருடையது நேராக வந்தது. என்னுடையது குடித்துவிட்டு நடந்தது.

“சாரி அங்கிள்,” என்றபோது அழுகை வந்துவிட்டது.

அவர் என் தாளை எடுத்துப் பார்த்தார். “கோணலா இருந்தாலும் கோடு இருக்கில்ல. அது போதும்.” பிறகு சரவணனைக் கூப்பிட்டார். “இந்தப் பிள்ள வீட்டுல பேச வர்றோம்னு சொல்லு. கல்யாணப் பத்திரிகைய மட்டும் வேற யாராச்சும் அடிக்கட்டும்.”

அங்கிள் இப்போது எனக்கு மாமா. இன்றும் வீட்டில் நான் இலையில் பரிமாறினால் அவருக்குக் குஷி. “ரசத்துக்கும் பாயசத்துக்கும் நடுவுல கோடு இருக்காம்மா?” என்பார். சரவணன் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடிப்பான். உபயப் பட்டியலை இப்போதும் நான்தான் அடிக்கிறேன். வரிக்கு வரி ஹெச்லைன், நெடுக்கும் குறுக்கும் கோடு, பார்த்தால் ஜன்னல் கம்பிபோல் இருக்கும். அதன் மேலும் ரூலரை வைத்து மாமா சிவப்புப் பேனாவால் ஒருமுறை இழுப்பார்.

“அச்சிலேயே கோடு இருக்கே மாமா!”

“இருக்கட்டும்மா. நீ அடிச்ச கோடாச்சே.”