இழுவைக் காரில் ஒரு வாளி மாவு

பேட்டரியைப் பற்றி எனக்கு எல்லாமே தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. துல்லியமாகச் சொன்னால் பதினோரு நாள்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தவன் நான். அதனாலோ என்னவோ, யார் எந்த வேலை சொன்னாலும் அதைப் பொதுத்தேர்வாக மாற்றிவிடும் வியாதி எனக்கு உண்டு. (ரைஸ் குக்கரின் கையேட்டை அடிக்கோடு போட்டுப் படித்தவனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இப்போது அவன் எழுதியதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.)

நான் காதலித்த நித்யா என்னைப் பற்றித் தன் வீட்டில் சொன்னபோது அவள் அப்பா கோபப்படவில்லை. கோவையிலிருந்து வந்து கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் முப்பது வருஷமாக இருப்பவர். "தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு நம்ம மோட்டார்ஹோம்ல வரச் சொல்லு. மூணு நாள் கூட இருந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்றாராம். (மோட்டார்ஹோம் என்றால் படுக்கையும் அடுப்பும் உள்ள, பஸ் அளவு ஓடும் வீடு.) பிறகு அவரே போன் செய்தார்.

"தம்பி, உங்க கார் மேனுவல் கியருங்களா?"

"ஆமாங்க அங்கிள்."

"நல்லதாப் போச்சு. அதையே பின்னாடி கட்டி இழுத்துட்டுப் போயிரலாம்."

அவர் வீட்டிலிருந்த இரண்டு ஆட்டோமேட்டிக் கார்களையும் நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துப் போகக்கூடாதாம். என் ஓட்டைக் காரை இழுக்கலாம். ஆக, அந்தக் குடும்பம் என்னை ஏற்றுக்கொள்ளும் முன்பே என் காரை ஏற்றுக்கொண்டுவிட்டது.

"உங்களுக்கு ஒரே வேலைதான் தம்பி. போய்ச் சேர்றப்ப பேட்டரி உசுரோட இருக்கணும்."

இழுபடும் காரில் சாவியைப் பாதி திருப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். மோட்டார்ஹோம் நிற்கும்போது காரின் பிரேக்கை அழுத்த ஒரு பெட்டி வேறு உள்ளே உட்கார்ந்திருக்கும். என்ஜின் ஓடாது, ஆனால் இவையெல்லாம் வழி முழுக்கப் பேட்டரியைக் குடித்துக்கொண்டே வரும். எனவே மோட்டார்ஹோமிலிருந்து கார் பேட்டரிக்கு ஒரு வயர் இழுத்து, நடுவில் ஃபியூஸ் வைத்து, படம் வரைந்து பாகங்களைக் குறித்து அங்கிளுக்கு பிடிஎஃப் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. அதை நித்யாவுக்கு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன்.

கிளம்பும் காலையில் ஆன்ட்டி ஒரு வாளியோடு ரகசியமாக வந்தார்.

"தம்பி, ஹீட்டர் போட்டா தூக்கம் வருதுன்னு இந்த மனுஷன் ஜன்னலைத் தொறந்து வெச்சுக்கிட்டுத்தான் ஓட்டுவாரு. மாவு எப்படிப் பொங்கும்? உங்க கார்ல வெச்சுக்கலாமா?"

"வெச்சுக்கலாங்க ஆன்ட்டி."

"அங்கயும் குளிருமே."

வருங்கால மாமியார் கவலைப்படுகிறார். சீட்டில் விரிக்கும் சூடேற்றும் மெத்தை ஒன்று என்னிடம் இருந்தது. (முதுகுவலி. சாஃப்ட்வேர்.) அதன்மேல் வாளியை வைத்து, சீட் பெல்ட் மாட்டி, மெத்தையைக் கார் சாக்கெட்டில் சொருகினேன். பதினோரு நாள் படித்தவனுக்கு அந்த மெத்தை எங்கிருந்து கரண்ட் எடுக்கும் என்று ஒரு விநாடிகூடத் தோன்றவில்லை.

ஆறு மணி நேரப் பயணம். "பேட்டரி எப்படிங்க தம்பி?" என்று அங்கிள் கேட்கும்போதெல்லாம் "சூப்பரா சார்ஜ் ஆகுதுங்க" என்றேன். நடுவழியில் வண்டி நின்றபோது கார் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துவிட்டு ஆன்ட்டியின் காதில் "பொங்குதுங்க" என்றேன். இரண்டு பாடத்திலும் சென்டம்.

ஷாஸ்டா ஏரிக்கரை முகாமில் காரைக் கழற்றியதும் அங்கிள் கையைத் துடைத்துக்கொண்டார். "வாங்க தம்பி, ஏரியச் சுத்தி ஒரு ரவுண்டு போலாம். கொஞ்சம் பேசணும்."

மூன்று நாள் தேர்வின் முடிவு முதல் நாளே வரப்போகிறது. பரபரப்போடு பிரேக் பெட்டியை எடுக்கக் குனிந்தேன். புளித்த வாசனை குப்பென்று அடித்தது. நிமிர்வதற்குள் அவர் அந்தப் பக்கக் கதவைத் திறந்துவிட்டார். மூடியைத் தள்ளி, சீட்டை நிறைத்து, கதவில் சாய்ந்து காத்திருந்த மாவு நிதானமாக அவர் ஷூவில் இறங்கியது. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் சாவியைத் திருப்பினேன். டிக்.

"என்னங்க தம்பி இது?"

"மாவுங்க அங்கிள்."

"அது தெரியுது. அந்தச் சத்தம்?"

"பேட்டரிங்க அங்கிள்."

மெத்தையின் பாரம் தாங்காமல் வழியில் எங்கேயோ ஃபியூஸ் எரிந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு மெத்தை பேட்டரியை உறிஞ்சியே மாவை வளர்த்திருக்கிறது.

"மாவ யாரு இங்க வெச்சது?"

ஆன்ட்டிக்குத் திடீரென்று பைன் மரங்களின் மேல் ஆர்வம் வந்துவிட்டது. "நான்தாங்க அங்கிள்" என்றேன். நித்யா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"மோட்டார்ஹோம் பேட்டரியோட இணைக்க ஜம்பர் கேபிள் எடுத்துட்டு வரலீங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"உங்க பிடிஎஃப்ப நம்பி கராஜ்லயே விட்டுட்டு வந்தேன்."

திட்டியிருந்தால் தேவலை. "மேனுவல் கியர்தானுங்க, தள்ளி ஸ்டார்ட் பண்ணிரலாம்" என்றேன். அந்தப் பயணத்தில் நான் பேசிய ஒரே உருப்படியான வாக்கியம்.

அங்கிளின் முகம் மாறியது. "கியர் வண்டி தொட்டு முப்பது வருஷமாச்சு. நீங்க தள்ளுங்க, நான் ஓட்டறேன்." வாளியை இறக்கிவிட்டு ஏறிக்கொண்டார். நானும் நித்யாவும் பக்கத்து முகாமின் தாடிக்கார அமெரிக்கரும் தள்ளினோம். ஆன்ட்டி கட்டளையிட்டார்: "செகண்ட்ல போடுங்க. கிளட்ச்ச விட்றாதீங்க. இப்ப விடுங்க. இப்பங்கறேன்ல."

கார் துள்ளியது, இருமியது, பற்றிக்கொண்டது.

"நிறுத்த மாட்டேன் தம்பி. நிறுத்துனா அணைஞ்சுரும்" என்று கத்திக்கொண்டே அவர் முகாமின் வட்டப் பாதையில் கிளம்பிவிட்டார். நான் கூடவே ஓடினேன். என்னுடைய கார் அல்லவா. ஜன்னல் இறங்கியது.

"பேசணும்னேனில்ல. கிரீன் கார்டு எந்த ஸ்டேஜ்ல இருக்குது?"

"அப்ளை... பண்ணி... இருக்குங்க."

முதல் வளைவில் என் இடது செருப்பு கழன்று போனது.

"உங்க அம்மா அப்பாக்கு விஷயம் தெரியுமா?"

"தெரி... யுங்க."

இரண்டாவது சுற்றில் அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்த மாவ அவதான் குடுத்திருப்பா. எனக்குத் தெரியாதா? நீங்க எதுக்குங்க பழிய ஏத்துக்கிட்டீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. மூச்சு இல்லை. அந்த மௌனத்தை அவர் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார். "நித்யாகிட்ட சொல்லிருங்க, எனக்குச் சம்மதம்" என்று சொல்லிவிட்டு வேகத்தைக் கூட்டினார். மூன்றாவது சுற்று அவருடைய சொந்த சந்தோஷத்துக்கு. நான் தரையில் உட்கார்ந்து கைஜாடையில் செய்தியைச் சொன்னேன். நித்யா எனக்கு மாரடைப்பு என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

கல்யாணமாகி மூன்று வருஷமாகிறது. இன்றும் ஏதாவது முக்கியமான விஷயம் என்றால் மாமா என் தோளைத் தொட்டுச் சொல்வார்: "மாப்ள, கொஞ்சம் பேசணும். ஷூ போட்டுட்டு வாங்க." வீடே சிரிக்கும். நானும் ஒவ்வொரு முறையும் லேஸை இரண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் போகிறேன்.